கொஞ்சம் சாயணும்

பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தால் எனக்கு முதலில் வருவது எரிச்சல்தான். பயமெல்லாம் அப்புறம். பெற்றோருக்கான வாட்ஸ்அப் குரூப்பில் காலையிலிருந்து எதையாவது போட்டுக்கொண்டே இருப்பவர்கள் அதற்கு மேலும் போன் செய்கிறார்கள் என்றால், நம்மைக் கூப்பிட்டு நிற்கவைத்து எதையோ சொல்லிக்காட்டப் போகிறார்கள் என்று அர்த்தம். ஷூவுக்குப் பாலிஷ் இல்லை, ரிப்பன் யூனிஃபார்ம் கலரில் இல்லை, இப்படி ஏதாவது. அன்றைக்கும் அப்படித்தான் நினைத்தேன். தொம்மலூரில் நான் பில்லிங் வேலை பார்க்கும் ஆபீஸில் மதியச் சாப்பாட்டு டப்பாவை அப்போதுதான் திறந்திருந்தேன். "மேடம், நீங்க உடனே வரணும். உங்க ஹஸ்பெண்டும் வரணும்" என்றது ஒரு குரல், ஆங்கிலத்தில்.

"பாப்பாவுக்கு இன்னா ஆச்சு?" என்று தமிழிலேயே கத்திவிட்டேன். பிறகு சுதாரித்துக்கொண்டு கன்னடத்தில் கேட்டேன்.

"போன்ல சொல்ல முடியாது மேடம்."

வைத்துவிட்டார்கள். பத்தாவது படிக்கிற பெண்ணைப் பெற்றவளிடம் 'போனில் சொல்ல முடியாது' என்று சொல்லிவிட்டு போனை வைக்கிறவர்களுக்கு என்ன தண்டனை கொடுத்தால் தகும் என்று இன்றுவரை யோசிக்கிறேன். ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தேன். மாடிப்படியில் விழுந்துவிட்டாளா, ரத்தமா, ஆம்புலன்ஸா? இந்திராநகர் சிக்னலில் ஆட்டோ நின்றபோது இறங்கி ஓடிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. என் வீட்டுக்காரர் ஆனேக்கல் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். அவர் கிளம்பி, பஸ் பிடித்து, அல்சூரில் இருக்கிற பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும். நான் மட்டும் போனேன்.

போனால், பெண் நன்றாகத்தான் இருந்தாள். கவுன்சிலர் அறையில் ஒரு பீன் பேக்கில் புதைந்து உட்கார்ந்துகொண்டு க்ரீம் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். வாசலில் ஒரு ஆயாவைக் காவலுக்கு நிறுத்தியிருந்தார்கள். அவளுடைய பெல்ட்டைக் காணோம். டையைக் காணோம். ஷூவில் லேஸ் இல்லை. மறுநாள் கணக்குப் பரீட்சை, அரசுத் தேர்வுக்கு முந்தின பிரிபரேட்டரி. அதற்கு வேண்டிய ஜியாமெட்ரி பாக்ஸையும் பிடுங்கி வைத்துவிட்டார்கள்.

"என்னம்மா, என்னை எதுக்கு இங்கயே உக்கார வச்சிருக்காங்க?" என்று அவள்தான் என்னைக் கேட்டாள்.

இந்தக் கவுன்சிலர் அறை பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முன்பு அது சாக்பீஸும் உடைந்த பெஞ்சும் போட்டுவைக்கிற அறை. இப்போது எல்லாப் பள்ளிக்கூடத்திலும் கவுன்சிலர் வைக்கிறார்கள் என்று இவர்களும் வைத்தார்கள். மஞ்சள் பெயின்ட், 'நீ தனியாக இல்லை' என்று ஆங்கிலத்தில் ஒரு போஸ்டர், அழுவதற்கு வசதியாக டிஷ்யூ டப்பா. கவுன்சிலர் ஒரு சின்னப் பெண், படிப்பு முடித்து வந்த புதிது. கழுத்தில் அடையாள அட்டை, காலில் கேன்வாஸ் ஷூ. கன்னடக்காரப் பெண்தான், ஆனால் எந்த வாக்கியத்தையும் ஆங்கிலத்தில் முடித்தால்தான் அவளுக்குத் திருப்தி. பத்தாவது பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, பரீட்சைக் கவலை இருக்கிறதா என்று விசாரிப்பது அந்த வாரம் அவளுக்குக் கொடுத்த வேலை.

அந்த அறையிலேயே பிரின்சிபல் அம்மாவும் வந்து உட்கார்ந்தார். இருந்த நாற்காலிகளில் அவர்கள் இரண்டு பேரும் உட்கார்ந்துகொள்ள, பெண்ணை வெளியே அனுப்பிவிட்டு எனக்கு அந்த பீன் பேக்கைக் காட்டினார்கள். உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்று எங்கே சொல்வது, உள்ளே போனேன். முழங்கால் மோவாய்க்கு வந்துவிட்டது. அதில் உட்கார்ந்துகொண்டு யாராலும் சண்டை போட முடியாது. அதற்காகவே வாங்கிப் போட்டிருப்பார்கள் போல.

பிரின்சிபல் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "மேடம், உங்க மகள் கவுன்சிலர்கிட்ட சில விஷயம் பேசியிருக்கா. சாகணும்னு சொல்லியிருக்கா."

அவர் மேலே மேலே சொல்லிக்கொண்டே போனார். பரீட்சை முடிந்ததும் என்ன செய்வாய் என்று கேட்டதற்கு, சாகணும் மிஸ், அவ்வளவுதான் என்றாளாம். எப்போதிலிருந்து இப்படித் தோன்றுகிறது என்றதற்கு, தினமும்தான், ஸ்கூல் விட்டு வீட்டுக்குப் போனதுமே என்றாளாம். வீட்டில் யாரிடமாவது சொன்னாயா என்றதற்கு, அம்மாவும்தான் மிஸ், இரண்டு பேரும் சேர்ந்து என்றாளாம். அப்புறம் கவுன்சிலர் மெதுவாக, எங்கே என்று கேட்டிருக்கிறாள். ஃபேனுக்குக் கீழே என்று பதில் வந்திருக்கிறது.

நான் நம்பினேன். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? அந்த ஒரு நிமிடம் முழுசாக நம்பினேன். என் பெண்ணை எனக்குத் தெரியாது, ஏதோ எனக்குத் தெரியாமல் அவள் மனதுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது, நான் பில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறேன். அம்மாவும்தான் என்றால் என்ன அர்த்தம், நான் எப்போது அப்படிச் சொன்னேன் என்று தேடிப் பார்த்தேன். இரண்டு பேரும் சேர்ந்து. ஃபேனுக்குக் கீழே. தினமும்.

தினமும் என்ற இடத்தில்தான் எனக்கு உறைத்தது.

நான் இங்கேயே மர்பி டவுனில் பிறந்தவள், ஆம்பூரில் வாழ்க்கைப்பட்டேன். ஏழாவது வரைக்கும் பாப்பா படித்ததெல்லாம் அங்கேதான். அவருடைய வேலைக்காகத்தான் மறுபடி இங்கே வந்து சேர்ந்தோம். எனக்குக் கன்னடம் தண்ணீர் பட்ட பாடு. அவளுக்கு இன்னும் தடுமாற்றம். புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் பேசுகிற மாதிரிதான் பேசுவாள்: தமிழ் வார்த்தையை எடுத்து அதற்கு ஒரு கன்னட வாலை ஒட்டிவிடுவது. 'வேணும்' வருகிற இடத்தில் 'பேகு'. பாதி நேரம் அது சரியாகவே வந்துவிடும், ஏனென்றால் பாதி வார்த்தை இரண்டு மொழியிலும் ஒன்றுதான். மீதிப் பாதிதான் ஆளைக் கவிழ்க்கும்.

எங்கள் வீட்டில் படுக்கிறது என்றால் ராத்திரிக்கு. பகலில் உடம்பை நீட்டினால் அதற்குப் பெயர் சாயறது. ஆபீஸ் விட்டு வந்து, அடுப்பைப் பற்றவைப்பதற்கு முன்னால், நானும் அவளும் ஃபேனுக்குக் கீழே பாயைப் போட்டுக் கொஞ்சம் சாய்வோம். அவள் தலை என் கையின் மேல் இருக்கும். அந்த நேரத்தில்தான் பள்ளிக்கூடத்துக் கதையெல்லாம் சொல்வாள். பரீட்சை முடிந்ததும் என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டால் எந்தப் பிள்ளையும் சொல்கிற பதிலைத்தான் அவளும் சொல்லியிருக்கிறாள்: கொஞ்சம் சாயணும். அதைக் கன்னடமாக்கி 'சாய்பேகு மிஸ்' என்றிருக்கிறாள். கன்னடத்தில் சாய்பேகு என்றால் சாகணும்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. பயந்து செத்துப் பிழைத்தவளுக்கு வருகிற சிரிப்பு. அடக்க முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். நிமிர்ந்து பார்த்தால், கவுன்சிலர் எதையோ எழுதிக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் சேர்ந்து என்று பெண் சொன்னதிலிருந்து நானும் அவள் கணக்கில் ஒரு கேஸ்தானே. கேஸ் சிரித்தது என்று எழுதியிருப்பாள்.

விளக்கிச் சொன்னேன். பொறுமையாகத்தான் தொடங்கினேன். இது தமிழ் வார்த்தை மேடம், இப்படிச் சாய்கிறது, என்று அந்த பீன் பேக்கிலேயே சாய்ந்தும் காட்டினேன்.

"தினமும் எப்படி மேடம் ஒருத்தி சாக முடியும்? அதுவும் ஆபீஸ்ல இருந்து வந்து, செத்துட்டு, அப்புறம் எழுந்து சோறு ஆக்குவேனா?" என்று கன்னடத்தில் கேட்டேன்.

கவுன்சிலரின் முகம் மாறியது. அவளுக்குப் புரிந்துவிட்டது. நான் கண்ணால் பார்த்தேன், அவள் உதடு லேசாகத் துடித்தது, அவளுக்கும் சிரிப்பு வரப் பார்த்தது. இதை நான் சும்மா சொல்லவில்லை. புரியாமல் ஒருத்தி பயந்தால் அதில் தப்பில்லை. வேறொரு பிள்ளை நிஜமாகவே அப்படிச் சொல்லியிருந்தால் இவள் செய்ததுதான் சரி, கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன். ஆனால் புரிந்த பிறகு அவள் பிரின்சிபலைப் பார்த்தாள். பிரின்சிபல் லேசாகத் தலையை ஆட்டினார், இல்லை என்பதுபோல. அவள் பேனாவை மூடிவிட்டு, "நான் பதிவு பண்ணிட்டேன் மேடம். பதிவு பண்ணினதை எடுக்க முடியாது" என்றாள். என்னால் மன்னிக்க முடியாதது அதுதான்.

"சரி, என்னை நம்ப வேணாம். உங்க ஆபீஸ்லயே தமிழ் தெரிஞ்சவர் ஒருத்தர் இருக்காரே, அவரைக் கூப்பிட்டுக் கேளுங்க" என்றேன்.

அவர் எங்கள் தெருக்காரர். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளிக் குடியிருக்கிறார். பள்ளிக்கூட ஆபீஸில் கவுன்டருக்குப் பின்னால் உட்கார்ந்து டிசி கொடுப்பது, அட்மிஷன் பார்ப்பது எல்லாம் அவர்தான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் தமிழ் ஆராதனையில் வேதபாடம் வாசிப்பவரும் அவர்தான். என்ன குரல்! ஒவ்வொரு ழகரமும் தனித்தனியாக வந்து விழும். ஆனால் பள்ளிக்கூடத்துக்குள் அவர் கன்னடம் தவிர ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. பாப்பாவைச் சேர்க்கப் போனபோது "அண்ணே" என்று நான் வாயெடுத்ததற்கு, யாரோ முன்பின் தெரியாதவளைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். பிழைப்பு, போகட்டும் என்று விட்டிருந்தேன்.

வந்தார். கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தமிழில் சாய் என்றால் என்ன அர்த்தம் என்று பிரின்சிபல் கேட்டார்.

அண்ணன் என்னைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். "நனகே தமிழ் பரல்ல மேடம்" என்றார். எனக்குத் தமிழ் வராது என்றார். எங்கள் தெருவில் என் கல்யாணப் பந்தலில் நின்று வாழ்த்துரை வாசித்த மனுஷன்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த பீன் பேக்கிலிருந்து எழுந்திருக்கப் பார்த்தேன். முடியவில்லை. ஒரு பக்கம் கையை ஊன்றி உருண்டு எழுந்தேன். அதற்குள் அவர் போய்விட்டார். பிரின்சிபல் விதிகளைச் சொல்லத் தொடங்கிவிட்டார். மனநல டாக்டரிடம் காட்டி, ஆபத்தில்லை என்று எழுதி வாங்கி வர வேண்டும். பெற்றோர் ஒரு உறுதிமொழிப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். இரண்டும் வரும்வரை பெண் வகுப்புக்கு வரக்கூடாது.

"பிரிபரேட்டரி பரீட்சை மேடம்! நாளைக்குக் கணக்கு!"

"நாங்க ரிஸ்க் எடுக்க முடியாது."

பிள்ளை மேல் கவலை என்று ஒரு வார்த்தை இல்லை. ரிஸ்க். அவளுடைய பெல்ட்டையும் டையையும் ஒரு ப்ளாஸ்டிக் கவரில் போட்டுக் கையில் கொடுத்தார்கள்.

அன்று சாயங்காலம் அண்ணனைத் தெருமுனைக் கடையில் பிடித்தேன். பால் பாக்கெட் வாங்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அவரே வந்தார்.

"தப்பா எடுத்துக்காதம்மா. அங்க நான் தமிழ்னு யாருக்கும் தெரியாது. இப்பதான் பர்மனன்ட் பண்ணாங்க. அந்தம்மா கேட்டாங்க, எனக்கு இன்னா சொல்றதுன்னே புரியல."

"ஞாயித்துக்கெழம கர்த்தருக்காவது தெரியுமாண்ணே, நீங்க தமிழ்னு?" என்றேன்.

அவர் பால் பாக்கெட்டை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். கடைக்காரர் சில்லறையை நீட்டிக்கொண்டே எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நான் கவலைப்படவில்லை. பார்க்கட்டும்.

பாப்பாவின் கணக்குப் பரீட்சை போயிற்று. பிறகு அறிவியலும் போயிற்று. பிரிபரேட்டரி போனால் போகிறது, அரசுத் தேர்வு எழுதினால் போதும் என்று ஆபீஸில் ஆறுதல் சொன்னார்கள். அவர்களுக்கு என்ன தெரியும்? கடைசிப் பாடங்களையும் மாதிரிக் கேள்விகளையும் இந்த நாட்களில்தான் வகுப்பில் நடத்துவார்கள். ட்யூஷன் வைக்க எங்களிடம் வசதியில்லை. அவளுக்கு இருந்ததெல்லாம் அந்த வகுப்பறைதான். வீட்டில் உட்கார்ந்து சிநேகிதிகளுக்கு மெசேஜ் போட்டு, இன்னிக்கு என்ன நடத்தினாங்க, போட்டோ அனுப்பு என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள். ஒருத்தி அனுப்பினாள். அப்புறம் அவளும் நிறுத்திவிட்டாள். அந்தப் பொண்ணோடு பேசாதே என்று அவள் அம்மா சொல்லிவிட்டாளாம். பெற்றோர் குரூப்பில் யாரோ, பெயரைப் போடாமல், 'பத்தாவதில் ஒரு மாணவி, பிரார்த்தனை செய்யுங்கள்' என்று போட்டிருந்தார்கள். கீழே வரிசையாகக் கைகூப்பிய பொம்மைகள். என் பெண்ணை உயிரோடு வைத்துக்கொண்டே இரங்கல் கூட்டம் நடத்திவிட்டார்கள்.

அரசு ஆஸ்பத்திரியில் வரிசையில் நின்று மனநல டாக்டரைப் பார்த்தோம். வயதான அம்மா, களைத்த முகம். பெண்ணிடம் தனியாகப் பேசினார், பிறகு என்னைக் கூப்பிட்டார். "பொண்ணுக்கு ஒண்ணுமில்லை. உங்களுக்குத்தான் பிபி பார்க்கணும்" என்று கன்னடத்தில் சொல்லி, மொழிக் குழப்பம், ஆபத்து எதுவுமில்லை என்று எழுதிக் கொடுத்தார். இந்த விவகாரம் முழுக்க எங்களிடம் மனுஷி மாதிரிப் பேசிய ஒரே ஆள்.

அதைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பிரின்சிபல் படித்தார், தலையசைத்தார், ரொம்ப சந்தோஷம் என்றார். பிறகு மேஜை மேல் அந்த உறுதிமொழிப் பத்திரத்தை வைத்தார். டைப் அடித்துத் தயாராக இருந்தது. என் மகள் பள்ளிக்குள்ளோ வெளியிலோ தன் உயிருக்குத் தானே கேடு செய்துகொண்டு இறந்துபோனால் பள்ளி நிர்வாகமோ ஊழியர்களோ அதற்குப் பொறுப்பில்லை என்று சம்மதிக்கிறேன். கீழே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே, தாய்.

"அதான் டாக்டரே எழுதிக் குடுத்துட்டாங்களே?"

"இது வெறும் ஃபார்மாலிட்டி மேடம்."

ஃபார்மாலிட்டியாம். என் பெண் செத்துப்போனால் என்று தொடங்குகிற வாக்கியத்துக்குக் கீழே நான் கையெழுத்துப் போடுவது ஃபார்மாலிட்டி. வீட்டில் விளையாட்டுக்குக்கூட அந்த வார்த்தையை நாங்கள் வாயில் வைக்க மாட்டோம். ஜலதோஷம் வந்து 'செத்தேன்' என்று அவள் சொன்னாலே வாயில் போடுவேன். முடியாது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

யோசித்துப் பாருங்கள் என்று கையில் திணித்த அந்தத் தாளை வீட்டுக்காரரிடம் காட்டினேன். அவர் சண்டைக்குப் போகிற ஆள் இல்லை.

"போட்டுத் தொலையேன். பேப்பர்தானே? புள்ள கிளாஸுக்குப் போவட்டும்" என்றார்.

"அப்ப நீங்களே போடுங்க" என்று பேனாவைக் கொடுத்தேன்.

வாங்கினார். தாளை முழங்காலில் வைத்துப் படித்தார். பேனா மூடியைக் கழற்றினார். மூடியைத் திரும்பப் போட்டு, பேனாவை டிவி மேல் வைத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார். அதற்குப் பிறகு அவரும் போட்டுத் தொலை என்று சொல்லவில்லை.

அதனால் நான் தினமும் போனேன். ஆபீஸில் லீவ் சொல்லிவிட்டு, பெண்ணுக்கு யூனிஃபார்ம் மாட்டி, பின்னல் போட்டு, ஷூவுக்குப் புது லேஸ் கோத்து, பையைத் தூக்க வைத்துக் கூட்டிக்கொண்டு போனேன். ஆபீஸ் வரைக்கும் விடுவார்கள். அதற்கு மேலே விடமாட்டார்கள். ஆபீஸ் பெஞ்சில் அவளை உட்கார வைத்துவிட்டு நான் பிரின்சிபல் அறைக்குள் போய்ச் சண்டை போடுவேன். ப்ரேயர் முடிந்து பிள்ளைகள் வரிசையாக அந்த வழியாகத்தான் வகுப்புக்குப் போவார்கள். ஒவ்வொருத்தியும் திரும்பி ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவாள். பாப்பா குனிந்து கன்னடப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். கவுன்சிலர் அந்தப் பக்கம் வந்தால் மட்டும், "ஹாய், எப்படி இருக்கே?" என்று கையை ஆட்டிவிட்டுப் போவாள். அடிப்பாவி, எப்படி இருக்கேயாம்.

பிரின்சிபல் அறையில் நான் கத்துவதற்குப் பழகிவிட்டார்கள். வாய்க்கு வந்தபடி பேசினேன். டிவிக்காரர்களைக் கூட்டி வருவேன், கல்வி அலுவலகத்துக்கு எழுதுவேன், கோர்ட்டுக்குப் போவேன் என்றேன். அவர் ஒரு தடவைகூடக் குரலை உயர்த்தவில்லை. அந்த மாதிரி ஆட்களிடம்தான் எனக்கு ரத்தம் கொதிக்கும். கடைசி நாள், அவர் பெரிய மனசு பண்ணுகிறவர்போலப் பேனாவை எடுத்து, "சரி மேடம், உங்களுக்காக. 'இறந்துபோனால்' வேண்டாம். 'அசம்பாவிதம் நேர்ந்தால்'னு போட்டுக்கலாமா?" என்றார்.

"என் பொண்ணுக்கு ஒரு அசம்பாவிதமும் நேராது. அப்படி எழுதுங்க, போடறேன்" என்றேன்.

"அது எப்படி மேடம் நாங்க கேரண்டி குடுக்கறது?"

"பின்ன நான் மட்டும் எதுக்குக் குடுக்கணும்?"

அப்போது இன்டர்காம் அடித்தது. எடுத்தார். கேட்டுக்கொண்டார். கேட்கக் கேட்க அவர் முகம் தெளிந்தது. போனை வைத்துவிட்டு, என் முன்னால் இருந்த பத்திரத்தை எடுத்து இரண்டாக மடித்துக் குப்பைக் கூடையில் போட்டார். "பிரச்சினை முடிஞ்சது மேடம். நீங்க போகலாம். உங்க மகள் நல்லாப் படிக்கட்டும்" என்றார். சிரித்தார்கூட.

ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தேன். பெஞ்சில் பாப்பா இல்லை. பையும் இல்லை. கவுன்டருக்குப் பின்னால் அண்ணன் மட்டும் உட்கார்ந்திருந்தார்.

"கிளாஸுக்குப் போய்ட்டாம்மா" என்றார். தமிழில். அந்த ஆபீஸில், நாலு பேர் காதில் விழும்படி, தமிழில்.

அவர் கைக்குக் கீழே ஒரு தாள் இருந்தது. கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்தது. பாப்பாவின் கையெழுத்தை எனக்குத் தெரியாதா? உருண்டை உருண்டையான கன்னட எழுத்து. நான் ஆத்மஹத்யே, அதுதான் தற்கொலை, செய்துகொள்ள மாட்டேன். அப்படிச் செய்துகொண்டால் அதற்குப் பள்ளியோ ஆசிரியர்களோ என் தாய் தந்தையோ காரணம் இல்லை, நான் மட்டுமே காரணம். கீழே அவள் பெயர், வகுப்பு, பிரிவு, ரோல் நம்பர். பரீட்சைத் தாளில் எழுதுவதுபோல ஓரத்தில் மார்ஜின் விட்டு எழுதியிருந்தாள்.

"சின்னப் பொண்ணுகிட்ட இத எழுதி வாங்க உங்களுக்கு எவன் அதிகாரம் குடுத்தான்? கிழிங்கண்ணே. கிழிச்சுப் போடுங்க" என்றேன்.

"கிழிக்க முடியாதும்மா. உள்ள சொல்லிட்டேன்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நல்லதுக்குத்தான் பண்ணேன். நீ போட மாட்ட. அவங்க உட மாட்டாங்க. புள்ள நடுவுல உக்காந்துனு கீது, தெனம் எல்லாரும் பாத்துனு போறாங்க. எனக்கே பாக்க முடியல. இன்னா பண்ணச் சொல்ற?"

கவுன்டருக்கு மேலே கையை நீட்டிப் பறிக்கப் பார்த்தேன். அவர் தாளை ஃபைலுக்குள் வைத்துப் பீரோவைப் பூட்டிவிட்டார். அவர் சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. அதனால்தான் அவரை இன்னும் அதிகமாக வெறுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அவர் வாசிக்க எழுந்தால் நான் எழுந்து வெளியே வந்துவிடுகிறேன். சர்ச்சில் எல்லாரும் என்னைத்தான் ஒரு மாதிரி பார்க்கிறார்கள்.

அன்று சாயங்காலம் பாப்பா சந்தோஷமாக வந்தாள். பையைப் போட்டுவிட்டு, விட்டுப்போன பாடத்தையெல்லாம் எழுதிக்கொண்டிருந்தாள். இன்று என்ன நடத்தினார்கள், யார் பேசினார்கள், யார் பேசவில்லை என்று சொல்லிக்கொண்டே எழுதினாள். நான் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்கக்கூடாது என்றுதான் இருந்தேன். வாய் சும்மா இருந்தால்தானே.

"ஏண்டி எழுதிக் குடுத்த? நான் உள்ள பேசிக்கிட்டுதானே இருந்தேன்?"

அவள் தலையை நிமிர்த்தவில்லை. "நீ தெனமும்தாம்மா பேசற. நீ ஜெயிக்கறதுக்குள்ள பரீட்சையே முடிஞ்சிடும். எனக்குக் கிளாஸுக்குப் போகணும்."

எனக்குச் சுருக்கென்றது. அவளுக்காகத்தானே இவ்வளவும் என்று கத்த வேண்டும்போல இருந்தது. கத்தவில்லை.

"அதுல என்ன எழுதியிருக்குன்னு தெரிஞ்சுதான் எழுதினியா?"

"அவர் சொல்லச் சொல்ல எழுதினேம்மா. எல்லாமே எனக்கே எழுத வந்துச்சு." கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது அந்தக் குரல். "ஒரு வார்த்தைதான் தெரியல, கேள்விப்பட்டதே இல்ல. அத மட்டும் அவர் ஒரு துண்டுப் பேப்பர்ல எழுதிக் காட்டினாரு. பாத்து எழுதினேன்."

எந்த வார்த்தை என்று நான் கேட்கவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்து, அவள்தான் கேட்டாள்: "அதுக்கு என்னம்மா அர்த்தம்?"